சோப்பு பிசினஸ்ல 70% லாபமா? முதல்ல கெமிஸ்ட்ரி, அப்புறம் காஸ்ட் ஷீட்



சைடு இன்கம் பத்தி நம்ம சேனல்ல எப்போ பேசினாலும் ஒரு கேள்வி தவறாம வரும்: "வீட்டுலயே ஹேண்ட்மேட் சோப்பு செஞ்சு விக்கலாமா?" ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனா, ஒரு சோப்பு செய்ய 34 ரூபாய் ஆகும், 120 ரூபாய்க்கு விக்கலாம், 70 சதவீதத்துக்கு மேல லாபம்னு போர்டுல எழுதிக் காட்டுவாங்க. கணக்கு தப்பில்லை. ஆனா பாதிக் கணக்குதான்.

மீதிப் பாதி எங்கே இருக்குன்னு தெரியணும்னா சோப்பு எப்படி உருவாகுதுன்னு தெரியணும். பயப்படாதீங்க, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி அளவுதான். சோப்பு தயாரிப்புல வர்ற ஒவ்வொரு வேதியியல் படியும் காஸ்ட் ஷீட்ல ஒரு வரியா வந்து உட்காரும். பிசினஸ் பண்ற ஐடியாவே இல்லாதவங்களும் படிங்க. கடையில சோப்பு வாங்கும்போது லேபிள்ல எதைப் பார்க்கணும்னு இதுலயே வந்துடும்.

சோப்புன்னா என்ன?

எண்ணெய், கொழுப்பு எல்லாமே டிரைகிளிசரைடு. ஒரு கிளிசரின் மூலக்கூறு, அதுல தொங்குற மூணு கொழுப்பு அமிலம். இதை காஸ்டிக் சோடாவோட, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடோட சேர்த்தா அந்த மூணும் கழன்று சோடியத்தோட சேர்ந்துடும். அதுதான் சோப்பு. தனியா விடுபட்டு நிக்கிறது கிளிசரின். இந்த வினைக்குப் பேர் சப்பானிஃபிகேஷன். கொழுப்பு அமிலமும் கிளிசரினும் சேர்ந்ததுதான் கொழுப்புன்னு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல ஆராய்ந்து சொன்னவர் ஃபிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் செவ்ரெல். அவரோட புத்தகம் 1823-ல வந்தது.

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு பக்கம் தண்ணி பிடிக்கும், இன்னொரு பக்கம் எண்ணெய் பிடிக்கும். எண்ணெய்ப் பக்கம் அழுக்கைப் பிடிச்சுக்கும், தண்ணிப் பக்கம் அதை இழுத்துட்டுப் போயிடும். அவ்வளவுதான் குளியல்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. காஸ்டிக் சோடா இல்லாம கட்டி சோப்பு கிடையாது. "கெமிக்கலே இல்லாத இயற்கை சோப்பு"ன்னு யாராவது வித்தா, அது விளம்பர வார்த்தை. சரியான அளவுல செஞ்ச சோப்புல காஸ்டிக் முழுசா வினைபுரிஞ்சு தீர்ந்து போயிருக்கும், அதுதான் உண்மை. வாங்கும்போது அந்த "கெமிக்கல் இல்லை"ங்கிற வார்த்தைக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீங்க. விக்கும்போது அதை எழுதாதீங்க.

எண்ணெய்க் கலவை: இதுவும் ஒரு போர்ட்ஃபோலியோதான்

மியூச்சுவல் ஃபண்ட்ல எல்லாப் பணத்தையும் ஒரே ஃபண்டுல போட மாட்டோம் இல்லையா? சோப்புலயும் அப்படித்தான்.

தேங்காய் எண்ணெய்: கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். நுரை அள்ளும், அழுக்கு நல்லா போகும், உப்புத்தண்ணியிலயும் ஓரளவு நுரைக்கும். ஆனா இதை மட்டும் வெச்சு செஞ்சா தோலை வறட்டும்.

பாமாயில்: கட்டியைக் கெட்டியாக்கும், சோப்பு சீக்கிரம் கரையாது. நுரை குறைவு.

விளக்கெண்ணெய்: கொஞ்சமா சேர்த்தா போதும், நுரை நிலைச்சு நிற்கும். அதிகமானா கட்டி பிசுபிசுக்கும்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் எவ்வளவு காஸ்டிக் வேணுங்கிறது வேற வேற. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 0.183 கிராம், பாமாயிலுக்கு 0.141, விளக்கெண்ணெய்க்கு 0.128. இப்போ 1 கிலோ கலவை போடுவோம்:

தேங்காய் எண்ணெய் 400 கிராம் × 0.183 = 73.2 கிராம்
பாமாயில் 500 கிராம் × 0.141 = 70.5 கிராம்
விளக்கெண்ணெய் 100 கிராம் × 0.128 = 12.8 கிராம்
மொத்தம் = 156.5 கிராம் காஸ்டிக் சோடா

இந்த 156.5-ஐ அப்படியே போட மாட்டாங்க. 5 சதவீதம் குறைச்சு சுமார் 149 கிராம்தான் போடுவாங்க. கொஞ்சம் எண்ணெய் சோப்பா மாறாம மிச்சம் நிக்கும், தோலுக்கு இதமா இருக்கும். இதை சூப்பர்ஃபேட்னு சொல்வாங்க. நம்ம பாஷையில சொன்னா மார்ஜின் ஆஃப் சேஃப்டி.

இப்போ யோசிங்க. 149-க்குப் பதிலா கைதவறி 160 கிராம் போட்டா என்ன ஆகும்? 11 கிராம்தான் வித்தியாசம். ஆனா எண்ணெய் எல்லாம் தீர்ந்த பிறகும் காஸ்டிக் மிச்சம் நிக்கும், தேய்க்கிறவங்க தோல் எரியும். அந்த பேட்ச் முழுக்கக் குப்பை. மாறாக ரொம்பக் குறைச்சுப் போட்டா, மிச்சமான எண்ணெய் சில மாசத்துல சிக்கு வாடை அடிக்கும், ஆரஞ்சுப் புள்ளி விழும். ஒரு கிராம் துல்லியமா காட்டுற டிஜிட்டல் தராசு இந்தத் தொழில்ல ஆடம்பரம் இல்லை. அதுதான் உங்க முதல் முதலீடு.

இன்னொரு முக்கியமான விஷயம், பாதுகாப்பு. காஸ்டிக்கைத்தான் தண்ணிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா போடணும். தண்ணியை எடுத்து காஸ்டிக் மேல ஊத்தவே கூடாது, கொதிச்சுத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது. காஸ்டிக் அதை அரிச்சு ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். சின்னக் குழந்தை ஓடி விளையாடுற சமையலறை இதுக்கான இடமே இல்லை.

ஒரு மாசம் காத்திருப்பு: யாரும் எழுதாத செலவு

காஸ்டிக் கரைசலையும் எண்ணெயையும் கலக்கினா கஞ்சி பதத்துக்கு வரும். அச்சுல ஊத்தி, அடுத்த நாள் வெட்டி எடுக்கலாம். ஆனா உடனே விக்க முடியாது. 4 முதல் 6 வாரம் காற்றோட்டமா அடுக்கி வெக்கணும். சேர்த்த தண்ணியில கணிசமான பகுதி ஆவியாகி, கட்டி இறுகும். அவசரப்பட்டு வித்தா ரெண்டு நாள்ல குழைஞ்சு போச்சுன்னு போன் வரும். 100 கிராம்னு எழுதி ஈரத்தோட பேக் பண்ணா, வாங்குறவர் கைக்குப் போகும்போது எடை குறைஞ்சிருக்கும். அது எடையளவுச் சட்டப் பிரச்னை.

கெமிஸ்ட்ரில இதுக்குப் பேர் க்யூரிங். அக்கவுண்ட்ஸ்ல இதுக்குப் பேர் ஒர்க்கிங் கேப்பிட்டல். இன்னைக்கு எண்ணெய் வாங்கப் போட்ட பணம் அஞ்சு வாரம் அலமாரியில தூங்கும். கடையில கடன் கொடுத்தா இன்னும் ஒரு மாசம் தூங்கும்.

ஃபேக்டரி எப்படி செய்யுது?

பெரிய கம்பெனிகள் இப்படிக் காத்திருக்கிறதில்லை. அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் கொழுப்பை நீராவியால பிளந்து, கொழுப்பு அமிலத்தையும் கிளிசரினையும் தனியா பிரிச்சுடுவாங்க. அமிலத்தைக் காஸ்டிக்கோட சேர்த்து சோப்பாக்கி, வெற்றிட உலர்த்தில காய வெச்சா, சேமியாத் துண்டு மாதிரி வரும். அதுக்கு சோப்பு நூடுல்ஸ்னே பேரு. அதுல வாசனை, நிறம் கலந்து, உருளையில அரைச்சு, பிளாடர்னு சொல்ற திருகு இயந்திரத்துல அழுத்தினா நீளமான கட்டியா வெளிய வரும். வெட்டி, முத்திரை குத்தினா முடிஞ்சது. பல சின்ன பிராண்டுகள் நூடுல்ஸை வெளியில வாங்கி, கடைசிப் படிகளை மட்டும்தான் செய்யுது.

அந்தக் கிளிசரினைக் கவனிச்சீங்களா? கொழுப்பு எடையில சுமார் 10 சதவீதம் வரும். மருந்து, டூத்பேஸ்ட், காஸ்மெடிக்ஸ்னு அதுக்குத் தனி மார்க்கெட். சிஏ படிக்கும்போது பை-புராடக்ட் காஸ்டிங்னு ஒரு பாடம் வரும். துணைப்பொருள் வித்த பணத்தை முக்கியப் பொருளோட செலவுல இருந்து கழிக்கிறது. அதுக்கு சோப்பு ஃபேக்டரி அருமையான உதாரணம். வீட்டுல செய்யுற சோப்புல அந்தக் கிளிசரின் கட்டிக்குள்ளயே இருக்கும். தோலுக்கு நல்லது. ஆனா அந்த வருமானம் உங்களுக்கு இல்லை. விலையில அவங்களோட மோத முடியாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

சின்டெட் பார்: பார்க்க சோப்பு, ஆனா சோப்பு இல்லை

முதல் உலகப் போர் சமயத்துல ஜெர்மனியில கொழுப்புக்குப் பஞ்சம். அப்போதான் கொழுப்பை நம்பாத செயற்கைச் சலவைப் பொருட்களைத் தேட ஆரம்பிச்சாங்க. அந்த வழியில வளர்ந்ததுதான் சிந்தெடிக் டிடர்ஜெண்ட், சுருக்கமா சின்டெட். குளிக்கிற கட்டியா இதைப் பெரிய அளவுல பிரபலமாக்கினது 1950-கள்ல அமெரிக்காவுல வந்த டவ்.

இதுல முக்கியப் பொருள் சோடியம் கோகோய்ல் ஐசிதியோனேட். பேர் பார்த்து மிரளாதீங்க. தேங்காய் எண்ணெய்ல இருந்து எடுத்த கொழுப்பு அமிலத்தை சோடியம் ஐசிதியோனேட்டோட அதிக வெப்பத்துல சேர்த்தா கிடைக்கிறது. அதோட ஸ்டியரிக் அமிலம் மாதிரி பொருட்கள் சேர்த்து அதே பிளாடர் இயந்திரத்துல கட்டியாக்குவாங்க. டவ் மாதிரி பார்கள்ல இதோட கொஞ்சம் சாதா சோப்பும் கலந்திருக்கும்.

இதனால என்ன லாபம்? ரெண்டு.

ஒண்ணு, பிஎச். நம்ம தோலோட மேல்பரப்பு லேசான அமிலத்தன்மை, சுமார் 5 பக்கம். சாதா சோப்பு 9-க்கு மேல, 10 வரைக்கும்கூட போகும். அதை 7-க்குக் குறைச்சா சோப்பு சோப்பாவே இருக்காது, திரும்பக் கொழுப்பு அமிலமா மாறிடும். அதனால "பிஎச் 5.5 சோப்பு"ன்னு யாராவது சொன்னா, அது சின்டெட்டா இருந்தாதான் சாத்தியம்.

ரெண்டு, உப்புத்தண்ணி. போர்வெல் தண்ணியில கால்சியம், மக்னீசியம் அதிகம். சோப்பு அதோட சேர்ந்து கரையாத படிவமாயிடும். பக்கெட் ஓரத்துல, குழாய்ல வெள்ளையா ஒட்டியிருக்கே, அதுல ஒரு பங்கு நீங்க காசு கொடுத்து வாங்கின சோப்புதான்! அந்த உப்பைத் தீர்த்த பிறகுதான் நுரையே வரும். சென்னையிலயோ பெங்களூர்லயோ டேங்கர் தண்ணி வர்ற பிஜில இருந்தா, சோப்பு ஏன் சீக்கிரம் தீருதுன்னு இப்போ புரியும். சின்டெட் இந்தப் படிவத்தை உண்டாக்காது.

குறைகளும் இருக்கு. மூலப்பொருள் விலை அதிகம், அதனால கட்டி விலையும் அதிகம். தண்ணியில ஊற விட்டா சீக்கிரம் குழையும். துளை உள்ள சோப்புப் பெட்டி 50 ரூபாய்க்கு வாங்குங்க, சில மாசத்துல போட்ட காசு திரும்பி வந்துடும்.

கடையில என்ன பார்க்கணும்?

டிஎஃப்எம், அதாவது மொத்தக் கொழுப்புச் சத்து. இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப்புல மூணு கிரேடு: கிரேடு 1-க்குக் குறைஞ்சது 76 சதவீதம், கிரேடு 2-க்கு 70, கிரேடு 3-க்கு 60. "பேதிங் பார்"னு எழுதியிருந்தா அது வேற தரம், 40 சதவீதம் இருந்தாலே போதும். மீதி டால்க், களிமண் மாதிரி நிரப்பிகள், ஈரம், சில சமயம் செயற்கைச் சலவைப் பொருள்.

ஒரு மாதிரிக் கணக்கு:

ஏ: 100 கிராம், 40 ரூபாய், டிஎஃப்எம் 76. ஒரு கிராம் கொழுப்புச் சத்துக்கு சுமார் 53 பைசா.
பி: 100 கிராம், 30 ரூபாய், பேதிங் பார், டிஎஃப்எம் 40. ஒரு கிராமுக்கு 75 பைசா.

விலைப் பட்டியல்ல பி மலிவு, உள்ள இருக்கிற சரக்குல ஏ மலிவு. பி-ல செயற்கைச் சலவைப் பொருள் இருந்தா அதுவும் அழுக்கை எடுக்கும்தான். அதனால இந்தக் கணக்கை சோப்பையும் சோப்பையும் ஒப்பிட மட்டும் வெச்சுக்கோங்க. சின்டெட் பாருக்கு டிஎஃப்எம் பார்க்கிறது அர்த்தமில்லாதது. அதுக்கு லேபிள்ல முதல் வரிசையில "ஐசிதியோனேட்" இருக்கான்னு பாருங்க. "சோடியம் பால்மேட்", "சோடியம் பாம் கர்னலேட்"னு ஆரம்பிச்சா அது சாதா சோப்பு, உறை எவ்வளவு வெள்ளையா, மென்மையா இருந்தாலும்.

பாக்கெட்ல எம்ஆர்பி பக்கத்துலயே ஒரு கிராம் விலையும் இப்போ போட்டிருப்பாங்க. காம்போ பேக் வாங்குறதுக்கு முன்னாடி அந்த நம்பரைப் பாருங்க. வரியையும் கவனிங்க: 2025 செப்டம்பர் 22-ல இருந்து குளியல் சோப்புக் கட்டிக்கு ஜிஎஸ்டி 18-ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. லிக்விட் சோப்புக்கு 18 சதவீதமே தொடருது.

நேர்மையா சொல்லணும்னா, மாசம் ஒரு கட்டின்னு வெச்சாலும், 40 ரூபாய் சோப்புக்கும் 100 ரூபாய் சின்டெட்டுக்கும் வருஷத்துக்கு 720 ரூபாய்தான் வித்தியாசம். தோல் வறண்டு அரிக்குதுன்னா அந்த 720-ஐ மிச்சம் பிடிச்சு, மாய்ச்சரைசருக்கு அதைவிட அதிகமா செலவு பண்றதுல அர்த்தமில்லை. எந்தப் பிரச்னையும் இல்லைன்னா கிரேடு 1 சோப்பே போதும். நம்ம வாழ்க்கையை மாத்தப் போறது இந்த 720 இல்லை. அடுத்து வர்ற கணக்குதான்.

இப்போ முழு காஸ்ட் ஷீட்

ஐடி கம்பெனில வேலை பார்க்கிற ஒரு தம்பி என்கிட்ட வந்தார். ஒர்க்‌ஷாப் முடிச்சாச்சு, எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து 3 லட்சம் எடுத்து ஆரம்பிக்கலாம்னு முடிவு. "அண்ணா, ஒரு சோப்புக்கு 86 ரூபாய் நிக்குது, மாசம் 300 வித்தாலே 25,000 வந்துடும். கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுங்க"ன்னார். "தம்பி, ரிஜிஸ்டர் பண்ண ஒரு வாரம் போதும். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உட்காருங்க"ன்னு சொல்லி, கீழ இருக்கிற ஷீட்டைத்தான் போட்டோம். விலைகள் மாதிரிக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

1 கிலோ எண்ணெய், 100 கிராம் கட்டி 12:

தேங்காய் எண்ணெய் 400 கிராம், கிலோ 350 ரூபாய் = ₹140
பாமாயில் 500 கிராம், கிலோ 140 ரூபாய் = ₹70
விளக்கெண்ணெய் 100 கிராம், கிலோ 250 ரூபாய் = ₹25
காஸ்டிக் சோடா 149 கிராம், கிலோ 200 ரூபாய் = ₹30
வாசனை எண்ணெய் 30 கிராம், கிலோ 1,500 ரூபாய் = ₹45
மொத்தம் ₹310. ஒரு கட்டிக்கு சுமார் ₹26. உறையும் அட்டைப்பெட்டியும் ₹8. ஆக ₹34.

ஒர்க்‌ஷாப் போர்டு இங்கேயே நின்னுடும். நாம தொடர்வோம்.

உங்க நேரம்: எடை போட, கலக்க, வெட்ட, கழுவ, பேக் பண்ண 2.5 மணி நேரம். மணிக்கு 150 ரூபாய்னு வெச்சா ₹375. ஒரு கட்டிக்கு ₹31.
கடைக்காரர் மார்ஜின்: ₹30.
ஜிஎஸ்டி: 120-க்குள்ள ₹5.70.

120 - 34 - 31 - 30 - 5.70 = ₹19.30. 86 ரூபாய் 19 ஆயிடுச்சு.

இனி மாசாந்திர நிலையான செலவு. காஸ்மெடிக்ஸ் ரூல்ஸ் 2020 படி, குளியல் சோப்பு ஒரு அழகுசாதனப் பொருள். தயாரிச்சு விக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட உரிமம் வேணும், காஸ்-8 படிவத்துல வரும். அதுக்குத் தகுந்த தனி இடம், தகுதியுள்ள ஆள், பரிசோதனை வசதி, பேட்ச் ரெக்கார்டு எல்லாம் தேவை. லேபிள்ல உரிம எண், பேட்ச் எண், உள்ளடக்கப் பொருட்கள் வரணும். இன்ஸ்டாகிராம்ல பல பேர் இது இல்லாம விக்கிறாங்க. அதனால அது சட்டமாயிடாது. வாடகை, சம்பளம் எல்லாம் பங்கு போட்டு ரொம்பக் குறைச்சலா மாசம் ₹20,000-னு வைப்போம்.

20,000 ÷ 19.30 = சுமார் 1,036 கட்டி. 12, 12-ஆ செஞ்சா 87 பேட்ச். 87 × 2.5 = கிட்டத்தட்ட 218 மணி நேரம். ஆபீஸ் வேலையே மாசம் 176 மணி நேரம்தான்! இவ்வளவும் நஷ்டமில்லாம இருக்க மட்டும்.

பேட்ச் அளவை 5 கிலோவா மாத்தினா? 60 கட்டிக்கு 4 மணி நேரம், 600 ரூபாய் கூலி, ஒரு கட்டிக்கு ₹10. இப்போ 120 - 34 - 10 - 30 - 5.70 = ₹40.30. பிரேக் ஈவன் 496 கட்டி, 9 பேட்ச், 36 மணி நேரம். வார இறுதிகள்ல முடியும். ஆனா அஞ்சு வார க்யூரிங்ல சுமார் 580 கட்டி எப்பவும் அலமாரியில இருக்கும். உறை இல்லாம ஒரு கட்டி ₹36-னு பார்த்தா, ₹21,000 அங்கேயே முடங்கும். ஒரு பேட்ச் கெட்டா 60 கட்டி போச்சு. அதே 11 கிராம் தவறு இங்கே 55 கிராம் தவறு, அவ்வளவுதான்.

ஆக லாபத்தைத் தீர்மானிக்கிறது சோப்போட விலை இல்லை, பேட்ச் அளவு. மாசம் 500 கட்டிக்கு வாங்குறவங்க இருக்காங்களாங்கிறதுதான் முதல் கேள்வி.

வரி: சம்பளக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை

2025-26 நிதியாண்டு, புது ரெஜிம். சம்பளம் 12.75 லட்சம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனா 12 லட்சம். ரிபேட்னால வரி பூஜ்யம். சந்தோஷம்.

இப்போ சோப்புல 1 லட்சம் லாபம். மொத்தம் 13 லட்சம். ரிபேட் போயிடும். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம் 20,000, 8 முதல் 12 வரை 10 சதவீதம் 40,000, மேல 1 லட்சத்துக்கு 15 சதவீதம் 15,000. மொத்தம் 75,000, செஸ் சேர்த்து 78,000. மார்ஜினல் ரிலீஃப் இங்கே உதவாது, ஏன்னா 75,000 வரி அந்தக் கூடுதல் 1 லட்சத்தைத் தாண்டல. ஒரு லட்சம் சம்பாதிச்சு கைல நிக்கிறது 22,000!

எல்லாருக்கும் இப்படி ஆகாது. 12 லட்ச எல்லையில நிக்கிறவங்களுக்குத்தான் இந்த அடி. உங்க சம்பளம் 8 லட்சமா இருந்தா இந்த 1 லட்சத்துக்கு வரியே வராது. உங்க நம்பரைப் போட்டுப் பார்த்துட்டு இறங்குங்க. இன்னும் மூணு விஷயம்:

தனி முதலாளியா இருந்தா உங்க கூலியை நீங்களே செலவா கழிக்க முடியாது. காஸ்ட் ஷீட்ல போட்ட அந்த 10 ரூபாயும் வரிக்கு லாபம்தான்.

பிசினஸ் வருமானம் வந்தா ஐடிஆர்-1 போட முடியாது.

தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் வித்தா 40 லட்சம் விற்பனை வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு பொதுவா தேவையில்லை. ஆனா பெங்களூர் ஃப்ரெண்டுக்கு ஒரே ஒரு பெட்டி கூரியர்ல வித்தாலும் அது மாநிலம் தாண்டின விற்பனை, பதிவு வேணும்.

ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படிங்க. வெளித்தொழிலுக்கு அனுமதி கேட்கச் சொல்ற கம்பெனிகள் நிறைய.

அப்போ பண்ணவே கூடாதா?

அப்படி சொல்லலை. சென்னையில ரயில்வே டாக்டரா இருந்த வி.பி. சித்தன் 1969-ல சின்ன அளவுல ஆரம்பிச்சதுதான் மெடிமிக்ஸ். சின்னதா ஆரம்பிக்கிறது தப்பில்லை, எமர்ஜென்சி ஃபண்டை வெச்சு ஆரம்பிக்கிறதுதான் தப்பு.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது. முதல் மூணு மாசம் விக்க வேண்டாம், 1 கிலோ பேட்ச் செஞ்சு வீட்டுல பயன்படுத்துங்க. மொத்தச் செலவு தராசோட சேர்த்து சில ஆயிரம்தான். ஒரே மாதிரி தொடர்ந்து அஞ்சு பேட்ச் வந்தாதான் உங்களுக்குக் கை வந்திருக்குன்னு அர்த்தம். அடுத்து, உரிமம் உள்ள யூனிட்ல உங்க ஃபார்முலாவைச் செஞ்சு வாங்க லோன் லைசென்ஸ் முறை இருக்கு. பேர்ல லோன் இருக்கே தவிர அது கடன் இல்லை. அவங்க வசதியைப் பயன்படுத்தி உங்க பேர்ல தயாரிக்கிற உரிமம். வாடகை, இயந்திரம்னு பணம் முடங்காம மார்க்கெட்டைச் சோதிக்கலாம். மாசம் 500 கட்டி தொடர்ந்து விக்க ஆரம்பிச்ச பிறகு சொந்த இடம். அவரோட 3 லட்சம் இப்போதைக்கு லிக்விட் ஃபண்டுலயே இருக்கு. வீட்டுல மூணாவது பேட்ச் காய்ஞ்சுக்கிட்டிருக்கு.

சோப்பு மட்டுமில்லை, மசாலாப் பொடி, மெழுகுவர்த்தி, கேக் எதுவா இருந்தாலும் இறங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. என் நேரத்துக்கு விலை போட்டேனா? சரக்கு எத்தனை நாள் பணத்தை முடக்கும்? உரிமம் வாங்கின பிறகும் லாபம் நிக்குமா? வரிக்கு அப்புறம் கைல எவ்வளவு? நாலுக்கும் நம்பர் எழுத முடிஞ்சா ஆரம்பிங்க. எழுத முடியலைன்னா, இன்னும் ஒரு பேட்ச் வீட்டுக்கே செய்யுங்க.

இந்த ஷீட்டை வரி வரியா எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோல காட்டுறேன். சந்திப்போம்!